ஊரில எவடம்?

அறுபத்தொரு வயது முடிந்த அன்று மகள் எனக்கு ஒரு மட்பாண்ட வகுப்பைப் பரிசாகத் தந்தாள். மோர்னிங்சைட் அவெனியூவில், ஒரு பல் வைத்தியருக்கும் சலவைக் கடைக்கும் நடுவில், வெளியில் நின்று பார்த்தால் கணக்காளரின் அலுவலகம் போலத் தெரியும் ஒரு சின்னக் கூடம். எட்டுக் கிழமை, செவ்வாய் இரவு ஏழு மணி. "காசு கட்டியாச்சு அப்பா, திருப்பித் தரமாட்டினம்" என்றாள். கட்டிய காசு வீணாகப் போவதை நான் பொறுக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

எட்டுச் சக்கரங்கள், எட்டுப் பேர். அதில் தமிழர் இரண்டு பேர். மற்றத் தமிழரிடம் நான் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் சக்கரத்திலிருந்து தொடங்காவிட்டால் அது விளங்காது.

சக்கரத்தில் முதல் வேலை மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவது. மண் உருண்டையைத் தட்டின் நடுவில் அறைந்து ஒட்டி, கால்மிதியை அழுத்தி, சுற்றும் மண்ணை இரண்டு கையாலும் பிடித்து அடக்க வேண்டும். கையைப் பலமாக வைத்தால் மண் ஒரு பக்கம் ஓடும். மெதுவாக வைத்தால் மண் கையை ஆட்டும். நடுவுக்கு வந்துவிட்டால் மண் சுற்றுவதே தெரியாது, அசையாமல் நிற்பது போலிருக்கும். எனக்கு அது மூன்று கிழமை வரவில்லை. ஒருவருக்கும் வரவில்லை. எங்கள் ஆசிரியை, ஐம்பது வயதளவில் ஒரு கனடியப் பெண், ஒவ்வொரு கோணல் கிண்ணத்தையும் பார்த்து "அழகு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கூடத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு எல்லோருக்கும் உரிமை இருந்தது. முப்பது வருடமாக இந்த நாட்டில் எனக்கு அப்படி ஒரு உரிமை கிடைத்ததில்லை. தொழிற்சாலையில் தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும். வங்கியில் தெரியாது என்று சொன்னால் ஏமாற்றிவிடுவார்கள். அங்கே மட்டும், காசு கட்டிவிட்டு, பிழையாகச் செய்து, சிரித்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

கட்டுரையின் முதல் முடிச்சு இதில் இருக்கிறது. பிழையாகச் செய்ய எனக்கு உரிமை இருப்பதற்குக் காரணம், அந்த மண்ணை நான் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான். விட்டுவிட முடிந்தால்தான் அது பொழுதுபோக்கு. எங்கள் ஊரில் மண் பிசைந்தவருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும். தைப்பொங்கலுக்குப் பத்து நாளுக்கு முன்னர் மாட்டுவண்டிலில் வைக்கோல் பரப்பிப் பானை, சட்டி, முட்டி எல்லாம் அடுக்கிக்கொண்டு அவர் வருவார். அப்பாச்சி ஒவ்வொன்றையும் காதுக்குக் கிட்டப் பிடித்து விரல் மொழியால் தட்டிப் பார்ப்பார். நாதம் சரியில்லாவிட்டால் அந்தப் பானை திரும்ப வண்டிலுக்குப் போகும். பிறகு நெல் அளந்து கொடுப்பார்கள். அவர் படலைக்குள்ளே வருவார், முற்றத்தில் நிற்பார், திண்ணையில் ஏறமாட்டார். என் தகப்பனாரைவிட மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். "நீ" என்பேன். அவர் எனக்கு "தம்பி, பாருங்கோ" என்பார். அந்தப் பெயர் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்தில் வேண்டிய அளவு கூப்பிட்டு முடித்துவிட்டேன்.

இதைச் சொன்னால் என் வயதுக்காரர் சிலர் உடனே ஒரு விளக்கம் தருவார்கள். குயவர் பஞ்சமர் இல்லை, கோயிலுக்குள் வரலாம், தண்ணீர் புழங்கலாம் என்பார்கள். உண்மைதான். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் கதவடைத்து நிறுத்தப்பட்டவர்கள் வேறு சாதியார். கே. டானியல் "பஞ்சமர்" நாவலில் எழுதிய கொடுமையோடு ஒப்பிட்டால், ஒரு பிள்ளை ஒரு பெரியவரை "நீ" என்று சொன்னது சின்ன விஷயம். ஆனால் இந்த விளக்கத்தைச் சொல்லும்போது எங்கள் குரலில் ஒரு நிம்மதி வருகிறதே, அதைத்தான் நான் நம்புவதில்லை. பெரிய குற்றம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சின்னதைக் கழுவிவிடுகிறோம்.

இத்தனைக்கும் குயவர் இல்லாமல் எங்கள் வாழ்க்கையில் ஒன்றும் நடந்ததில்லை. கலியாணத்துக்குக் கும்பம், பொங்கலுக்குப் புதுப்பானை, செத்தால் கொள்ளிக்குடம். பிணத்தை வைத்துப் புதைத்த தாழிகள் ஆதிச்சநல்லூரில் கிடைத்தன. கீழடியில் தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானையோடுகள் கிடைத்தபோது, எங்கள் எழுத்து எவ்வளவு பழையது என்று உலகத் தமிழரெல்லாம் பெருமைப்பட்டோம். ஓட்டில் எழுதியவரைப் பற்றிக் கதைத்தோம். ஓட்டைச் செய்தவரைப் பற்றி ஒருவரும் கதைத்ததாக ஞாபகம் இல்லை. புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி குயவரைப் பார்த்து, எனக்கும் இடம் இருக்கிற மாதிரி தாழியை அகலமாகச் செய் என்று கேட்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. அவள் அவரிடம் கேட்கும் விதத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கிட்ட வந்தும் எட்டு வயதில் எனக்கு அது கிடைக்கவில்லை.

வகுப்பில் இருந்த மற்றத் தமிழருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி, எப்போதும் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். முதல் நாள் "வணக்கம்" சொல்லிக்கொண்டோம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன், மகன்தான் கொண்டுவந்து சேர்த்தவன் என்றார். அவரும் எங்களைப் போலவே முதல் இரண்டு கிழமையும் கோணல் கிண்ணம்தான் செய்தார். ஆனால் அவருடைய கோணலில் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மண்ணை அறைந்து வைத்த விதம், தண்ணீர் தொட்ட அளவு, எல்லாம் கணக்காக இருக்கும். கடைசியில் மட்டும் பிழைத்துப்போகும். தெரிந்த ஒருவர் தெரியாத மாதிரி எழுதினால் கையெழுத்து எப்படி இருக்குமோ, அப்படி.

நாலாம் கிழமை அவருக்குப் பொறுக்கவில்லைப் போல. ஒரு உருண்டையை எடுத்தார், நடுவுக்குக் கொண்டுவந்தார், மூச்சு விடுகிற நேரத்தில் கழுத்தும் விளிம்பும் எழும்பியது. அடியை மொத்தமாக விட்டு அறுத்து எடுத்துச் சூடுகாற்றுக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தார். வகுப்பு முடிய அரைமணி நேரம் இருக்கும்போது அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர்ப் பையிலிருந்து ஒரு உருண்டைக் கல்லை எடுத்தார். இடது கையால் கல்லை உள்ளே பிடித்து, வலது கையால் ஒரு மரத்தட்டையால் வெளியே தட்டத் தொடங்கினார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்தது, வயிறு பெருத்தது, அடி உருண்டு வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அடி தட்டையாக இருக்கிற பாத்திரம் மேசைக்கு நல்லது. மூன்று கல் அடுப்பில் நெருப்பு எல்லாப் பக்கமும் சமமாக ஏறவேண்டுமென்றால் அடி உருண்டையாக இருக்க வேண்டும், மூலை இருந்தால் அங்கேதான் வெடிக்கும்.

ஆசிரியை ஓடி வந்தாள். இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். அவர் தலையை நிமிர்த்தாமல் "யூடியூப்" என்றார்.

அவள் சந்தோசத்தில் எங்களுக்கெல்லாம் ஒரு கதை சொன்னாள். இந்த மண்ணிலும் பானைகள் அப்படித்தான் இருந்தனவாம். 1620களில் வெண்டாட் மக்களோடு ஒரு மாரி தங்கியிருந்த சகார்ட் என்ற பிரெஞ்சுத் துறவி, அங்கே பெண்கள் சக்கரம் இல்லாமல் மண் உருண்டையில் முட்டியால் குழி செய்து மரத்தட்டையால் அடித்துப் பானை செய்ததை எழுதி வைத்திருக்கிறார், அடி உருண்டையாக இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார் என்றாள். எங்களுக்கு மேற்கே, லோரன்ஸ் அவெனியூவுக்குக் கிட்ட, 1956இல் வீதிக்காக மண் தோண்டியபோது அந்த மக்களின் முன்னோரைச் சேர்த்துப் புதைத்த மேடு வெளிப்பட்டது. டேபர் ஹில் என்று பெயர். அந்த வழியால் நான் இருபது வருடம் பஸ்ஸில் போயிருக்கிறேன். யாருடைய மண் என்று கேட்டதில்லை.

அவருடைய மண் எது என்று மட்டும் கேட்டேன். கையைக் கழுவும் தொட்டியில் இரண்டு பேரும் நின்றோம். "அண்ணை, ஊரில எவடம்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நகக்கண்ணில் இருந்த மண்ணை மெதுவாக எடுத்தார். "கனகாலம் தம்பி... நாங்கள் கொழும்பிலதான் இருந்தனாங்கள்." கையைத் துடைத்தார். கல்லைக் கழுவவில்லை, அப்படியே தொட்டியில் விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

கேள்வியின் சொற்களில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டே சொல். இந்தப் பனியில் தமிழ்முகம் கண்ட சந்தோசத்தில் யாரும் கேட்பதுதான். ஆனால் யாழ்ப்பாணத்தாரிடையே அது முதல் நூல். ஊர் சொன்னால் குறிச்சி, குறிச்சி சொன்னால் எந்தக் கோயிலுக்குக் கிட்ட, அது சொன்னால் இன்னாருக்கு என்ன முறை. மூன்றாவது பதிலில் சாதி கைக்கு வந்துவிடும், அந்தச் சொல்லை யாரும் வாயால் உச்சரித்திருக்கமாட்டார்கள். என் மகளிடம் அவளுடைய சிநேகிதனின் தாய் இப்படிக் கேட்டாராம். இவள் "யாழ்ப்பாணம் அன்ரி" என்றாளாம். யாழ்ப்பாணத்தில் எவடம் என்றாராம். "அதுதான் அன்ரி, யாழ்ப்பாணம்" என்று திரும்பவும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா எவ்வளவு தவித்திருப்பார் என்று நினைத்து நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நான் மரியாதைக்காகத்தானே கேட்டேன்? இரண்டு கிழமையும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் அது. அவருடைய கையைக் கண்டு மனம் நெகிழ்ந்தது உண்மை. வண்டிலில் வந்தவரிடம் கேட்க முடியாத மன்னிப்பை இவரிடம் கேட்டுவிடலாம் என்று உள்ளே ஒரு ஆசை எழுந்ததும் உண்மை. நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்விக்கு, கெட்ட எண்ணத்தில் கேட்டவர்கள் சேர்த்து வைத்த பாவம் எப்படி வரும்? பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஒரு லொறிச் சாரதியை உதாரணம் காட்டுவார். தன்னில் பிழை இல்லாமலே ஒரு பிள்ளையை மோதிவிட்ட சாரதி, பார்த்து நின்றவர்கள் வருந்துவது போல வருந்திவிட்டுப் போக முடியாது, போனால் அவனைப் பற்றி நாம் குறைவாகத்தான் நினைப்போம் என்பார். நானும் அந்தச் சாரதி என்று கொஞ்ச நாள் என்னைத் தேற்றினேன்.

ஆனால் அது சரிவரவில்லை. ஏனென்றால் அந்தத் தொட்டிக்கரையில் எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. "அண்ணை, இதை எனக்கும் காட்டித் தருவீங்களோ?" அவருடைய கையைத்தான் நான் மதித்தேன் என்றால் வாயில் வந்திருக்க வேண்டியது அதுதான். கனடியப் பெண்ணுக்கு அந்த வேலையில்தான் கண் போனது. எனக்கு வேலையைத் தாண்டிப் பிறப்பில் போனது. மூன்று கிழமை மண்ணை நடுவுக்குக் கொண்டுவர முடியாமல் அல்லாடியவன், அதைத் தெரிந்த ஒருவரைக் கண்டதும் கற்றுக்கொள்ள ஆசைப்படாமல் கண்டுபிடிக்க ஆசைப்பட்டேன். மரியாதை பிறகு மேலே பூசிய மெருகு.

கைத்தொழில் உயர்ந்தது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று சொல்வது எனக்குச் சுலபம். ரொறொன்ரோவில் மட்பாண்டத்துக்கென்றே கார்டினர் அருங்காட்சியகம் 1984 முதல் இருக்கிறது, நுழைவுச்சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கிறோம். குயவரிடமிருந்து பானையைப் பிரித்து எடுத்த பிறகுதான் எங்களுக்கு அது கலையாகத் தெரிகிறது. நான் மண் பிசைவதை முகநூலில் போட்டால் நூறு பேர் விரும்புவார்கள். அவர் போட்டால் அந்த நூறில் பத்துப் பேர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள், அவருடைய பேத்திக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் வாய் திறப்பார். நான் அவருக்குக் கொடுக்க நினைத்த பெருமைக்கு விலை அவர்தான் கட்ட வேண்டும். அவர் ஏன் இரண்டு கிழமை கோணல் கிண்ணம் செய்தார் என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஏழு பேருக்கும் திறமை இல்லாதது கவலையில்லாத விளையாட்டு. அவருக்குத் திறமை ஒரு சாட்சி.

2023இல் ரொறொன்ரோ மாவட்டக் கல்விச் சபை சாதி ஒடுக்குமுறை பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே வருடம் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையமும் சாதிப் பாகுபாடு பற்றித் தன் கொள்கை நிலைப்பாட்டை வெளியிட்டது. இங்கே அதெல்லாம் இல்லையே, ஏன் கிளறுகிறார்கள் என்று எங்களில் பலர் கோபப்பட்டார்கள். வேலை மறுத்தால், வீடு மறுத்தால் சட்டம் கேட்கும், கேட்கத்தான் வேண்டும். தொட்டிக்கரையில் அன்பான குரலில் கேட்ட இரண்டு சொல்லை எந்தச் சட்டத்தில் எழுதுவது?

அந்த நாட்களில் திருநீலகண்டரை நினைத்தேன். சிறு வயதில் கதாப்பிரசங்கத்தில் கேட்டது. தில்லையில் இருந்த குயவர், சிவனடியாருக்குத் திருவோடு செய்து கொடுப்பதைத் தொண்டாகச் செய்தவர், அறுபத்துமூவரில் ஒருவர். இறைவன் யோகி வேடத்தில் வந்து தன் ஓட்டை அவரிடம் அடைக்கலமாகக் கொடுத்து, பிறகு அதை மறையச் செய்து, திரும்பிவந்து கேட்கிறார். அவர் வேறு நல்ல ஓடு தருகிறேன் என்கிறார். பொன்னால் செய்து தந்தாலும் வேண்டாம், நான் தந்த அந்த ஓடுதான் வேண்டும் என்கிறார் யோகி. இளவயதில் இந்த இடத்தில் கடவுள் வீண் பிடிவாதம் பிடிப்பதாகப் பட்டது. இப்போது அந்தப் பிடிவாதத்தில் ஒரு நியாயம் தெரிகிறது. நான் "நீ" என்று கூப்பிட்டது ஒருவரை. அவர் இப்போது இருக்க வாய்ப்பில்லை. அவருக்குக் கொடுக்க வேண்டிய "நீங்கள்" என்ற சொல்லை, மோர்னிங்சைட்டில் ஸ்வெட்டர் போட்ட இன்னொருவர் கையில் திணித்துக் கணக்கைத் தீர்க்கப் பார்த்தேன். இருவரும் ஒரே தொழிலில் பிறந்தவர்கள் என்பதால் ஒருவருக்குப் பதில் மற்றவர் என்று நினைத்ததே, அந்தப் பழைய கணக்குத்தான்.

ஏழாம் கிழமை அவர் வந்தார்.

மொன்றியலில் தங்கையின் புருசன் காலமாகிவிட்டார், செத்தவீட்டுக்கும் எட்டுச் செலவுக்கும் அங்கேயே நின்றுவிட்டேன் என்றார். இரண்டு கிழமை நான் பட்ட பாட்டுக்கும் அவர் வராததற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு முதலில் நிம்மதி வந்தது, பிறகு வெட்கம் வந்தது. அவருக்கு வாழ்க்கையில் வேறு துக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என்னுடைய கேள்வியைச் சுற்றியே அவர் சுழல்வார் என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் அதை மறக்கவும் இல்லை. சக்கரத்தில் மண்ணை வைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "தம்பி, அண்டைக்கு எவடம் எண்டு கேட்டனீங்கள். நீங்கள் எவடம் எண்டு சொல்லேல்லையே."

சாவகச்சேரிப் பக்கம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஊரின் பெயரைச் சொன்னேன். பிறகு குறிச்சியைச் சொன்னேன். பிறகு எந்தக் கோயிலுக்குக் கிட்ட என்று சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் சட்டையை நானே கழற்றிக் கொடுப்பது போலிருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணை, அப்பாச்சி, நெல் அளந்த கொத்து, எல்லாம் அவருக்கு இப்போது தெரியும். உயர்ந்த பக்கத்தில் பிறந்த எனக்கே அது அவ்வளவு கூசியது.

"ஓ" என்றார். "அந்தப் பக்கம் தைக்கு முதல் வண்டில் கொண்டுவாறனாங்கள். அய்யாவோட நானும் வந்திருக்கிறன்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பழைய ஓடு, அந்த ஓடே, இவ்வளவு தூரம் வந்து என் முன்னால் இருக்கக்கூடும் என்று ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்தது. இல்லாமலும் இருக்கலாம். சாவகச்சேரிப் பக்கம் வண்டில் கொண்டுவந்தவர்கள் எத்தனையோ பேர்.

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணை, அந்தக் கல்லு வைச்சுத் தட்டுறதை எனக்கும் காட்டித் தருவீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் என் பக்கத்துச் சக்கரத்தில் இருந்த மண்ணைப் பார்த்தார். விரலால் ஒரு தரம் தொட்டார். "இது இன்னும் பச்சை மண். இப்ப தட்டினா வாயைப் பிளந்துபோடும். மூடி வைச்சிட்டுப் போங்கோ, அடுத்த கிழமை பாப்பம்." பிறகு, "உங்களுக்கெண்டு ஒரு கல்லுக் கொண்டுவாங்கோ. கைக்கு அடங்கினதா. என்ர கல்லு உங்களுக்குச் சரிவராது" என்றார்.

அடுத்த கிழமை கடைசி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போனேன். ஹைலண்ட் ஓடையின் கரையில் கல்லுக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாம் பனியில் நிலத்தோடு இறுகிக் கிடந்தன. சப்பாத்துக் குதியால் உதைத்து உதைத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பெரிது, ஒன்றில் மூலை இருந்தது. இருட்டும்வரை தேடினேன்.